தொப்புள் காசு

மனைவி மயிலாத்தாளை நாச்சிமுத்து கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் அவரைச் சாப்பிடப் போகச் சொல்லி விரட்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்திருந்தாள். இடது கையில் ஊசியைக் குத்தி ஒட்டுப் போட்டிருந்தார்கள். வலது உள்ளங்கையில் அந்தக் காலணா இருந்தது. வீட்டுக்குப் போய் அஞ்சறைப் பெட்டியில் சோம்புக்கு அடியிலிருந்து அதை எடுத்துவரச் சொன்னவளே அவள்தான். எடுத்துவந்து கொடுத்ததும் மூக்குக்குப் பக்கத்தில் வைத்து மோந்து பார்த்தாள். "சோம்பு வாசம் அடிக்குது, அதேதான்" என்றாள், என்னவோ அவர் வேறு காலணாவைக் கொண்டுவந்து ஏமாற்றிவிடுவார் என்பதுபோல. பிறகு அதைத் தானே அவர் சட்டைப் பையில் போட்டு, பைக்கு மேலே இரண்டு தட்டுத் தட்டினாள். "கோகிலாளுக்குத் தாரேன்னு சொல்லிப்போட்டேன். நான் வீட்டுக்கு வாரதுக்குள்ள அவளுக்குப் பொறந்துருச்சுன்னா நீங்க கொண்டுபோய்க் குடுத்துருங்க. பையிலயே இருக்கட்டும், வேற எங்கியாச்சும் வெச்சுத் தொலைச்சுப்போடாதீங்க. போங்க, போயி ரெண்டு இட்டிலி தின்னுட்டு வாங்க, மூஞ்சி வத்திக் கெடக்குது." அவர் மூன்று தின்றார். இரண்டோடு எழுந்துவிடத்தான் நினைத்தார், பரிமாறுகிறவன் கேட்காமலே மூன்றாவதை வைத்துவிட்டான், இலையில் விழுந்ததை விட்டுவிட்டு எழுவதாவது என்று சட்னியை வாங்கிக்கொண்டார். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். நர்ஸ் அவரைப் பார்த்தாள், பார்த்த கண்ணை உடனே எடுத்துக்கொண்டாள். ஒரு இட்டிலி தின்ன எவ்வளவு நேரமாகும்? இரண்டு நிமிஷம். கை கழுவ ஒரு நிமிஷம். மூன்று மாதமாக அந்த மூன்று நிமிஷத்தைத்தான் அவர் எடுத்து எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கே வைத்தாலும் அது பொருந்தவில்லை.

இப்போது அந்தக் காலணா வேறு சட்டையின் பையில் இருந்தது. அவர் ரங்கநாயகி வீட்டு முன்னறையில், ஒரு கால் சற்றே வளைந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மணி ஒன்பது. உள்ளே குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ரங்கநாயகி கால்களை நீட்டி உட்கார்ந்திருப்பாள், முழங்காலுக்குக் கீழே மகள் கோகிலாளின் குழந்தையைக் கவிழ்த்துப் போட்டிருப்பாள். பார்க்காமலே தெரிந்தது. சொம்பு அண்டாவில் முட்டும் சத்தம், தண்ணீர் விழும் சத்தம், குழந்தை ஒரு கணம் மூச்சை அடக்கிப் பிறகு வீறிடும் சத்தம். பிறந்து நாற்பது நாள். நேற்றுக் காலையில் ரங்கநாயகி போன் பண்ணினாள். "அண்ணா, பிள்ளை அழுவறப்பெல்லாம் தொப்புள் கோலிக்குண்டாட்டம் வெளிய வந்துருதுங்ணா. அக்கா அந்தக் காச வெச்சிருப்பாங்கல்ல, நாளைக்குத் தண்ணி ஊத்தறப்ப எடுத்துட்டு வாங்ணா. குளிச்ச ஒடம்புல வெச்சாத்தான நல்லது." அவர் ஆகட்டும் என்றார். ஆகட்டும் என்ற வார்த்தை வாயிலிருந்து விழுந்த பிறகுதான் என்ன ஆகட்டும் என்று அவருக்கு உறைத்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போது கோகிலா எட்டிப் பார்த்து, "வாங்க மாமா, உக்காருங்க, இதா ஆச்சு" என்றாள். இதா ஆச்சு என்றால் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்துக்குள் அவர் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். சொல்வதா, சொல்லாமல் கொடுத்துவிடுவதா. சுவரில் போன வருஷத்துக் காலண்டர் தொங்கியது. சாமி படம் அழகாயிருந்ததால் எடுக்காமல் விட்டிருப்பார்கள். மயிலாத்தாளும் அப்படித்தான், தேதி போனால் போகிறது, முருகன் எங்கே போவான் என்பாள்.

அந்தக் காசு மயிலாத்தாளின் நெற்றியில் இருந்த காசு. அதுதான் விஷயம். அதை இந்த வீட்டில் யாரும் அறிய மாட்டார்கள். அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள். உள்ளே பெண்கள் அவளைக் குளிப்பாட்டிச் சேலை மாற்றி வெளியே கொண்டுவந்து கிடத்தினார்கள். அவர் சுவரோரமாக நின்றார். யாரோ தோளைப் பிடித்து நிறுத்தியிருந்ததாக ஞாபகம். பங்காளி ஒருவர், பெரிய துண்டு போட்டவர், எல்லாச் சாவிலும் முன்னால் நின்று காரியம் பார்ப்பவர், சந்தனத்தைக் குழைத்துக்கொண்டே, "நெத்திக்குக் காசு குடுங்கப்பா" என்றார். குரலை உயர்த்தாமல், டீக்கடையில் சர்க்கரை கேட்பதுபோலக் கேட்டார். அவர் பைக்குள் கையை விட்டார். நாச்சிமுத்துவின் பையில் ஒரே ஒரு காசு இருந்தது. பையிலேயே இருக்கட்டும் என்று அவள் சொல்லியிருந்தாளே, அதனால் இருந்தது. எடுத்துக் கொடுத்தார். அந்த மனிதர் அதைப் பார்க்கக்கூட இல்லை, சந்தனத்தில் அழுத்தி ஒட்டினார். அவர் பார்த்தார். பார்த்தும் என்னவென்று தெரியவில்லை. கண் பார்த்தது, மனம் வேறெங்கோ அந்த இட்டிலிக் கடையில் உட்கார்ந்திருந்தது. மின்மயானத்தில் தகட்டின் மேல் வைக்கும்போதுதான் அங்கே வேலை செய்கிறவன், காக்கிச் சட்டை, காதில் ஒரு பீடி, நெற்றிக் காசை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு அவரிடம் நீட்டினான். "பெரியவரே, எட்டணாவையே ஒருத்தனும் வாங்கறதில்லீங்க, நீங்க காலணாவக் குடுத்தா நான் எந்தக் கடைக்குப் போவேன்?" அவன் சிரிக்கவில்லை. சும்மா உள்ளதைச் சொன்னான். அவர் பத்து ரூபாய் கொடுத்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டார். அதில் சந்தனம் காய்ந்திருந்தது. அப்போதுதான் எந்தக் காசு என்று தெரிந்தது, அதற்குள் கதவை மூடிவிட்டார்கள். நாற்பத்தைந்து வருஷம் அவள் சொன்னதில் பாதியைக் கேட்காமலே காலம் தள்ளியவர், கடைசியாகச் சொன்ன ஒன்றை அச்சுப் பிசகாமல் கேட்டார். கேட்டதால்தான் இது நடந்தது.

உள்ளே குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்தியது. திருப்பிப் போட்டிருப்பார்கள். "ஆச்சு சாமி, ஆச்சு, என்ற தங்கம், என்ற ராசாத்தி" என்று ரங்கநாயகியின் குரல். இந்தக் குரலை அவள் குழந்தைகளுக்கு மட்டும்தான் எடுப்பாள், மற்றவர்களோடு பேசும்போது காய்க்காரனும் பயப்படுவான். மயிலாத்தாளுக்கும் ஒரு தனிக் குரல் இருந்தது. குழந்தை வீட்டிலிருந்து திரும்பி வந்த பிறகும் ஒரு மணி நேரம் அந்தக் குரல் அவள் தொண்டையிலேயே தங்கியிருக்கும். சோறு போடட்டுமா என்பதைக்கூட அந்தக் குரலில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள். கல்யாணமான புதிதில் அவள் தகரப் பெட்டியில் அந்தக் காசைப் பார்த்தார். என்ன இது என்று கேட்டதற்கு, "என்ற தொப்புள அமுக்குன காசு. பொறந்தப்ப எனக்குத் தொப்புள் வெளிய தள்ளிக்கிட்டு இருந்துச்சாம், எங்கம்மா ஆறு மாசம் இத வெச்சுக் கட்டினாளாம்" என்றாள். அப்படியானால் அடையாளம் இருக்குமே, பார்க்கலாம் என்று அவர் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டு, "வயசான ஆம்பளையாட்டம் பேசறதப் பாரு" என்றாள். அப்போது அவருக்கு இருபத்தெட்டு. அடையாளம் ஒன்றுமில்லை, எல்லோருக்கும் இருப்பதுபோல் சுழித்து உள்ளே போன தொப்புள்தான், ஆனாலும் அவர் ரொம்ப நேரம் பார்த்தார். அந்த வயிற்றில்தான் ஒன்றும் தங்கவில்லை. இரண்டு தடவை மூன்றாம் மாதத்தில் போயிற்று, மூன்றாம் தடவை ஐந்தில். அப்புறம் இல்லை. அப்புறம் இல்லை என்பதை இருவரும் பேசிக்கொண்டது கிடையாது. ஒருநாள் அவள் பழந்துணி மூட்டையைப் பிரித்து, சேர்த்து வைத்திருந்த மெத்தென்ற வேட்டித் துண்டுகளையெல்லாம் கைப்பிடித் துணியாகக் கிழித்தாள். அவ்வளவுதான் பேச்சு.

மில் லைன் வீடுகளில் அப்போது வருஷத்துக்கு ஏழெட்டுக் குழந்தை பிறக்கும். சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள், ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். ஆனாலும் பேர் வைக்கிற வீட்டுக்கு எல்லோரையும் கூப்பிட்டுவிட்டு இவர்கள் கதவை மட்டும் தாண்டிப் போவார்கள். தாண்டிப் போகும்போது நடை கொஞ்சம் வேகமாகும். அதை அவர் உள்ளே உட்கார்ந்து கேட்டிருக்கிறார். ஒரு தடவை அவளாகவே போனாள், ரவிக்கைத் துணியும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு. தட்டை வாங்கிக்கொண்டார்கள், குழந்தையை மட்டும் உள்ளறைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். தூங்குது என்றார்களாம். "அழுவற சத்தம் கேட்டுச்சு" என்று மட்டும் வீட்டுக்கு வந்து சொன்னாள். அதற்கு மறு வருஷம் பதினாலாம் நம்பர் வீட்டுக் குழந்தைக்குத் தொப்புள் பிதுங்கி, காசு வைத்துக் கட்ட வேண்டும் என்றார்கள். எந்தக் காசை வைப்பது? அஞ்சு பைசா சதுரம், மூலை குத்தும். பத்துப் பைசா பூப் போல வளைந்து வளைந்து இருக்கும். நாலணா சின்னது, குழந்தை கால் உதைத்தால் நழுவிவிடும். எட்டணாவுக்கு ஓரமெல்லாம் வரி வரியாகப் பல். அப்போது மயிலாத்தாள் தகரப் பெட்டியைத் திறந்து இந்தக் காலணாவை எடுத்துக்கொண்டு போனாள். வட்டமாக, ஓரம் வழவழவென்று, பிள்ளைத் தொப்புளுக்கென்றே வார்த்ததுபோல. வாங்கிக்கொண்டு அனுப்பிவிடத்தான் பார்த்திருப்பார்கள். அவள் கொடுக்கவில்லை, "இதுக்கு ஒரு பக்குவம் இருக்குது, நானே வெச்சுக் கட்டறேன்" என்று சொல்லிவிட்டாள். என்ன பக்குவம்? துளி விளக்கெண்ணெய், காசு, மேலே மடித்த துணி, அதற்கு மேலே வயிற்றைச் சுற்றி ஒரு நாடா. அதில் ஒரு பக்குவமும் இல்லை. ஆனால் தினமும் காலையில் குழந்தை குளித்தவுடன் அவள் போயாக வேண்டும், மடியில் வாங்கியாக வேண்டும், அவிழ்த்துக் கட்டியாக வேண்டும். மூன்று மாதம், நான்கு மாதம். அதன் பிறகு எந்த வீட்டில் பிறந்தாலும் நாற்பதாம் நாள் கதவைத் தட்டி, மயிலக்கா, காசு எடுத்துட்டு வாங்க என்றார்கள். தொப்புள் பிதுங்காத குழந்தைக்கும் ஒரு நாலு நாள் வைத்துக் கட்டிக்கொண்டார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று. அவள் ஈரத்தலையோடு, நல்ல சேலையாக உடுத்திக்கொண்டு, சோம்புக்கு அடியிலிருந்து காசை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போவதை அவர் எத்தனை காலை பார்த்திருக்கிறார். ஆண்பிள்ளை அங்கே போக முடியாது. வாசல்வரை போவார், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார், பிறகு மில்லுக்குப் போய்விடுவார்.

ஒன்றை அவர் அவளிடம் சொன்னதில்லை. மில் டிஸ்பென்சரிக்கு வாரத்தில் இரண்டு நாள் ஒரு டாக்டர் வருவார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசுகிறவர். விரலில் பட்ட காயத்துக்குக் கட்டுப் போடப் போனபோது, பேச்சுவாக்கில் பெருமையாகத்தான் இவர் சொன்னார், எங்க வீட்டில் ஒரு காசு இருக்குது சார், இத்தனை பிள்ளைகளுக்கு அதில்தான் குணமாயிருக்குது என்று. டாக்டர் கண்ணாடியைத் துடைத்து முடித்தார். "அது தானாவே உள்ள போயிரும்ப்பா. ஒரு வருஷம், ரெண்டு வருஷம் ஆகும். காசு வெச்சாலும் போகும், வெக்காட்டியும் போகும். காசுல ஒண்ணுமில்ல. இறுக்கிக் கட்டாம இருந்தாச் சரி, புண்ணாயிரும்." கட்டுப் போட்ட விரலோடு அவர் வெளியே வந்தார். காசில் ஒன்றுமில்லை. லைனுக்குத் திரும்பி வந்தபோது அவள் கண்ணாடி முன் நின்று பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள், இருபத்திரண்டாம் நம்பரில் கூப்பிட்டிருக்கிறார்கள், ரெட்டைப் பிள்ளையாம், ஒரு காசை வைத்துக்கொண்டு ரெண்டு தொப்புளுக்கு என்ன பண்ணுவேன் சொல்லுங்க என்று சிரித்தாள். அவர், "இறுக்கிக் கட்டிப்போடாத" என்று மட்டும் சொன்னார். "நான் எங்க இறுக்கினேன், ரெண்டு வெரல் போற அளவு விட்டுத்தான் கட்டறேன்" என்றாள். அன்று சொல்லாதது அப்படியே நின்றுவிட்டது. சொல்லாமல் இருப்பதற்கு முதல் நாள் கஷ்டமாக இருந்தது. பிறகு அது வீட்டுச் சாமான்களில் ஒன்றுபோல ஆகிவிட்டது. அவருக்குத் தெரிந்திருந்தது, காசில் ஒன்றுமில்லை என்று. அதனால்தானே இப்போது இந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்றுமில்லாத காசு நெற்றியில் இருந்தால் என்ன, நிலத்தில் கிடந்தால் என்ன என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ள முடிகிறது. சொல்லிக்கொள்ள முடிகிறது, நம்பத்தான் முடியவில்லை. நல்லது செய்யும் சக்தி அதற்கு இல்லை என்பதை முப்பது வருஷமாக எளிதாக நம்பியவருக்கு, கெட்டது செய்யும் சக்தி இல்லை என்று ஒரு காலை நேரத்துக்குக்கூட நம்ப முடியவில்லை. அதை நினைக்க அவருக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

உள்ளேயிருந்து கோகிலா, "மாமா, டீ வெக்கட்டுங்களா?" என்றாள். "வேண்டாங் கண்ணு, இப்பத்தான் குடிச்சேன்" என்றார். குடிக்கவில்லை. அந்த வருஷத்தை நினைத்துக்கொண்டார், தறிமேட்டுச் சுப்பணன் குழந்தை இறந்துபோன வருஷத்தை. எட்டு மாதக் குழந்தை, ஆண், காய்ச்சல், இரண்டே நாள். தொப்புளுக்கும் காய்ச்சலுக்கும் என்ன இருக்கிறது? ஆனால் குழாயடியில் யாரோ ஒருத்தி சொல்லிவிட்டாள், பெத்தவ கையில பட்ட காசா அது என்று. ஒரே ஒரு வாக்கியம். அதன் பிறகு இரண்டு வருஷம் ஒருவரும் கதவைத் தட்டவில்லை. அவள் காசை அஞ்சறைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டாள். காலையில் தலைக்கு ஊற்றிக்கொள்வதையும் விட்டாள். அப்போதுதான் இந்த ரங்கநாயகி, முதல் பிரசவம் ஆகிப் பச்சை உடம்போடு, குழந்தை கோகிலாளைத் தோளில் போட்டுக்கொண்டு, லைன் முழுக்க வாசல் தெளிக்கிற நேரத்தில், எல்லோரும் பார்க்க வந்து நின்றாள். கதவைத் தட்டவில்லை, தெருவில் நின்றே கூப்பிட்டாள். "மயிலக்கா, என்ன, எம் பிள்ளைக்கு மட்டும் காசு வெக்க மாட்டீங்களா? எம் பிள்ளை என்ன பாவம் பண்ணுச்சு?" மயிலாத்தாள் கை மாவோடு ஓடிவந்தாள். அன்று ராகி உருண்டை உருட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கையோடேயே குழந்தையை வாங்கிவிட்டு, மாவு மாவு என்று பதறினாள். எதிர்வீட்டுக்காரி கோலமாவைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். அப்படிப்பட்ட ரங்கநாயகியிடம் இப்போது ஒன்றும் சொல்லாமல் இந்தக் காசை நீட்டுவதா? அவள் பேத்தி வயிற்றில் வைப்பதா? நாளைக்கு அந்தக் குழந்தைக்கு ஒரு சளி பிடித்தால், ஒரு தும்மல் வந்தால், அவர் படுப்பாரா, தூங்குவாரா? சொல்லிவிட்டால்? சொன்னால் ரங்கநாயகி வேண்டாம் என்பாள். எந்தத் தாயும் வேண்டாம் என்றுதான் சொல்வாள், அதில் குற்றமில்லை. ஆனால் அதோடு முடிந்தது. மயிலாத்தாள் கொடுத்த வாக்கும் முடிந்தது, அவள் இந்தக் கதவுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்ததும் முடிந்தது, அதை முடித்துவைத்தவர் அவர்.

நேற்றுச் சாயங்காலம் டவுன்ஹால் பக்கம் நடைபாதையில் பழைய காசு விற்கிறவனிடம் போய்ப் பார்த்தார். அவன் ஒரு தார்ப்பாயில் குவித்து வைத்திருந்தான், சோழிகளுக்கும் பூட்டுகளுக்கும் நடுவே. காலணா நிறைய இருந்தது. இதே அளவு, இதே நிறம். ஒன்றை எடுத்தார். அவன், "ராசியான காசுங்க அய்யா, கல்லாவில போட்டு வைங்க" என்றான். அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? சொன்ன வாக்குக்குக் காசு ஆயிற்று, குழந்தைக்கும் கெடுதல் இல்லை. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். இரும்பு வாசமும் மண்ணெண்ணெய் வாசமும் அடித்தன. விற்கிறவன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். கீழே வைத்துவிட்டு வந்துவிட்டார்.

சாம்பிராணிப் புகை கதவிடுக்கில் நுழைந்து முன்னறைக்கு வந்தது. அப்படியானால் துவட்டியாயிற்று, தலைக்குப் புகை காட்டுகிறார்கள். எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது. காசைக் காணோம், தேடிப் பார்க்கிறேன் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். காசு தொலைவது பெரிய விஷயமா? நாற்காலியின் வளைந்த கால் அவர் அசைந்ததும் தரையில் கீச்சிட்டது. அந்தச் சத்தத்துக்கு அவர் திருடனைப்போல அடங்கி உட்கார்ந்தார். ரங்கநாயகி சேலையை இழுத்துச் செருகிய கோலத்தில், முழங்கைவரை ஈரமாக, குழந்தையை வெள்ளைத் துணியில் பொதிந்து எடுத்துக்கொண்டு வந்தாள். பின்னால் கோகிலா பாயைக் கொண்டுவந்து விரித்தாள். குழந்தை சிவந்துபோய், இந்த உலகத்தோடு சண்டை போட்டுக் களைத்த முகத்தோடு, அரைக்கண்ணில் இருந்தது. துணியை விலக்கினாள். தொப்புள் கொஞ்சம் துருத்திக்கொண்டுதான் இருந்தது. "டாக்டர் கட்டெல்லாம் கட்டாதீங்கன்னுட்டாங்க மாமா" என்றாள் கோகிலா. "நான் கட்டப் போறதில்ல. சும்மா கொஞ்ச நேரம் வெச்சு எடுத்துட்டுக் குடுத்தர்றேன். அத்தைகிட்ட ஏழாம் மாசத்துலயே கேட்டு வெச்சிருந்தேன், அவிய தாரேன்னாங்க." ரங்கநாயகி கையை நீட்டினாள். "காசக் குடுங்ணா." அவர் பைக்குள் கையை விட்டார். எடுத்தார். எடுத்தாரே தவிர, விரல் விரியவில்லை. "ரங்கா" என்றார். "இது அவ நெத்தியில வெச்ச காசும்மா."

குழந்தைக்கு விக்கல் எடுத்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, பையில் இருந்ததையும், கேட்டார்கள் என்று கொடுத்ததையும், மயானத்துக்காரன் செல்லாது என்று திருப்பித் தந்ததையும் சொன்னார். கணக்காக நாலு வாக்கியம்தான் வந்தது. மூன்று மாதமாக மனதுக்குள் எவ்வளவு பெரிதாக இருந்தது, நாலே வாக்கியத்தில் முடிந்துவிட்டதே என்று இருந்தது. ரங்கநாயகி முகத்தை அவர் பார்க்கவில்லை. அவள் எழுந்திருக்கும் வளையல் சத்தம் கேட்டது, சமையலறைப் பக்கம் போகும் காலடி கேட்டது. அவ்வளவுதான். அவர் எழுந்து, "நான் வாரேங் கண்ணு" என்றார். கோகிலா, "உக்காருங்க மாமா, அம்மா வரட்டும்" என்றாள். உட்காரவும் முடியாமல், போகவும் முடியாமல் நின்றார். உள்ளே டப்பா ஒன்று திறந்து மூடியது. ரங்கநாயகி ஒரு கொட்டாங்குச்சியைக் கொண்டுவந்து பாயில் உட்கார்ந்தாள். அதில் கொஞ்சம் புளி, தண்ணீர் விட்டுப் பிசைந்தது. "இப்பிடிக் குடுங்ணா" என்று அவர் கையை விரித்துக் காசை எடுத்துக்கொண்டாள். "என்ன இப்பிடிச் சுடுது? எந்நேரமா இறுக்கிப் புடிச்சிருந்தீங்க?" புளியில் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள். "அன்னிக்கு உள்ள அக்காவக் குளிக்க வெச்சது நாந்தானுங்ணா. தலைக்கு ஊத்தி, மஞ்சப் பூசி, எல்லாம் இந்தக் கையிதான். இந்தக் கையிலதான இவளுக்கும் இப்பத் தண்ணி ஊத்தினேன். கைய வெட்டியா வீசறது?" பிறகு, "வெளிய யாருகிட்டயும் சொல்லிட்டு இருக்காதீங்க" என்றாள். அவர் தலையை ஆட்டினார். தலையை ஆட்டியதில் கண்ணில் நின்றது விழுந்துவிட்டது. துண்டை எடுப்பதற்குள் விழுந்துவிட்டது.

கழுவித் துடைத்துக் கோகிலாளிடம் கொடுத்தாள். கோகிலா விளக்கெண்ணெயைத் தொட்டுக் குழந்தையின் தொப்புளைச் சுற்றித் தடவினாள். காசைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். "எந்தப் பக்கம் கீழ வெக்கோணுங் மாமா?" ரங்கநாயகி, "எனக்கென்ன தெரியும், அக்காதான வந்து வெப்பாங்க, நான் பிள்ளையப் புடிச்சுக்குவேன், அவ்வளவுதான்" என்றாள். இருவரும் அவரைப் பார்த்தார்கள். அவருக்கும் தெரியாது. அத்தனை வருஷமும் அவர் வாசலில் சைக்கிளோடு நின்றவர். காசைக் கேட்டு வாங்கினார். கண்ணாடி கொண்டுவரவில்லை. கட்டைவிரலால் ஒரு பக்கத்தைத் தடவினார், எழுத்தும் பூங்கொடியும் நெருநெருத்தன. திருப்பி மறுபக்கத்தைத் தடவினார். அந்தப் பக்கத்தில் வெள்ளைக்கார ராஜா ஒருவர் இருந்திருக்க வேண்டும், எல்லாக் காலணாவிலும் இருப்பார். விரலுக்கு ஒன்றும் தட்டவில்லை. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து, கன்னம், தாடி, காது எல்லாம் போய், அந்தப் பக்கம் மட்டும் ஒரு கூழாங்கல்லைப்போல இருந்தது. பிள்ளை மேல் படுகிற பக்கத்தை மட்டும் மயிலாத்தாள் வருஷக்கணக்காகத் தேய்த்திருக்கிறாள். "இந்தப் பக்கம்" என்று கோகிலாளிடம் கொடுத்தார். அவள் வைத்தாள், விரலால் லேசாக அமுக்கினாள். குழந்தை அழவில்லை. ரங்கநாயகி உள்ளே போய் இவருடைய கண்ணாடி போல ஒன்று, யாருடையதோ, கொண்டுவந்து கொடுத்தாள். போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். சின்ன வயிறு ஏறி இறங்க, காசும் ஏறி இறங்கியது. மேலே தெரிந்த பக்கத்தில் ஆண்டு, மயிலாத்தாளின் அம்மாவே பிறந்திராத ஓர் ஆண்டு, இன்னும் படிக்கும்படி இருந்தது. 1907.